இருவருக்கும் ஒரே வாரம்

கொல்லிமலையில் நான் வேலை பார்த்த காலத்தில் என்னுடைய உண்மையான வயது மூன்று பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேர் என்னைப் பெற்றவர்கள். அவர்களும் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது கொஞ்சம் மறந்துபோவார்கள். மூன்றாமவர் மறக்கவே மாட்டார். அவர் காளப்பநாயக்கன்பட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அண்ணன்.

அவர் எனக்குச் சொந்தமும் இல்லை, ஜோசியரும் இல்லை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் தொலைதூரக் கல்வியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை வகுப்புக் கால அட்டவணையைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த பல்கலைக்கழகம், திடீரென்று நாகரிகம் வந்து, இனி எல்லாம் இணையத்தில் என்று அறிவித்துவிட்டது. பதிவு எண்ணை அடித்து, அடுத்த கட்டத்தில் பிறந்த தேதியை அடித்தால்தான் அவரவர் அட்டவணை திறக்கும். மலையில் இணையமும் கிடையாது, அடிக்க எனக்குத் தெரியவும் செய்யாது. எனவே நான் என் பிறந்த தேதியைக் காதோடு காதாகச் சொல்ல, அண்ணன் அதை ஒற்றை விரலால் தட்டி, கூடவே வாய்விட்டும் படிப்பார். கடைக்குள் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள்.

"மெதுவாப் படிங்கண்ணா."

"மெதுவாத்தானுங்க டீச்சர் படிக்கறேன்" என்பார், அதே சத்தத்தில்.

எங்கள் பள்ளி மலைமேல் தேவனூர் நாடு என்கிற பகுதியில் இருந்தது. ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இரண்டு டீச்சர். ஒரு டீச்சர் நான், ராசிபுரம் பக்கம். இன்னொருவர் தூத்துக்குடிப் பக்கம். பிள்ளைகள் என்னைப் பெரிய டீச்சர் என்றும் அவரைச் சின்ன டீச்சர் என்றும் கூப்பிட்டார்கள். வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. நான் கரும்பலகையின் மேல் விளிம்பில் தேதி எழுதுவேன். அவருக்கு நாற்காலி வேண்டும். உண்மையில் அவர்தான் மூத்தவர். எவ்வளவு மூத்தவர் என்பது அவருக்கும் பிரவுசிங் அண்ணனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். நான் பலமுறை கேட்டும் அண்ணன் சொல்லவில்லை. அந்த மட்டில் ரகசியம் காக்கத் தெரிந்தவர்.

சின்ன டீச்சரும் நானும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே பி.எட்.டுக்கு, ஒரே வருடம் பணம் கட்டியிருந்தோம். எனக்கு அந்தப் படிப்பு ஒரு கேடயம். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் "பி.எட். முடியட்டும்" என்று சொல்லிவிடலாம். அவருக்கு அப்படி இல்லை. அவருடைய கணவர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். மகள் அங்கே அப்பாவோடும் அத்தையோடும் வளர்ந்துகொண்டிருந்தாள். பெரிய விடுமுறை வந்தால்தான் இவர் போய்ப் பார்க்க முடியும். பி.எட். முடித்தால் பட்டதாரி ஆசிரியர் தேர்வு எழுதலாம். தேறினால் சொந்த மாவட்டத்தில் இடம் கேட்கலாம். அடுத்த தேர்வு எழுத வேண்டுமென்றால் இந்த வருடமே பி.எட். முடிந்திருக்க வேண்டும். அடுத்தது விட்டால் அதற்கடுத்தது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. சின்ன டீச்சர் மலையிலிருந்து இறங்கி மகளிடம் போகிற வழி அந்தப் படிப்பு ஒன்றுதான்.

மகள் பேசுவதற்கு ஊர்க் கடையில் ஒரு காசு போட்டுப் பேசும் தொலைபேசி இருந்தது. தூத்துக்குடியிலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, "டீச்சரைக் கூப்பிடுங்க" என்று அவள் அப்பா சொல்வார். கடைக்காரர் வெளியே வந்து, "டீச்சர், போனுங்க!" என்று கத்துவார். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அந்தக் குழந்தை, அம்மாவின் பெயரே டீச்சர் என்று முடிவு கட்டியிருந்தாள். "டீச்சர், சாப்பிட்டியா?" என்பாள். சின்ன டீச்சர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அப்புறம் பெரிய விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே நடப்போம்.

நேரில் போய் உட்கார வேண்டிய காண்டாக்ட் வகுப்பு வருடத்துக்கு ஒரு முறை, சேலத்தில் ஒரு கல்லூரியில் நடக்கும். மொத்தம் இரண்டு வாரம். முதல் வாரம் நடத்துகிற பாடத்தையே இரண்டாம் வாரமும் இன்னொரு கூட்டத்துக்கு நடத்துவார்கள். எந்த வாரம் வேண்டும் என்று மாணவரே இணையத்தில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வகுப்புக்கு வராதவர் பரீட்சை எழுத முடியாது. முதல் வருடம் நாங்கள் ஆளுக்கொரு வாரமாகப் போனது தானாக நடந்ததில்லை, எங்கள் அதிகாரி அப்படிப் போக வைத்தார். கல்வி அலுவலகத்தில் அவர் முன்னால் நாங்கள் இருவரும் நின்றபோது, "படிங்கம்மா, வேண்டாங்கல. ஆனா பள்ளிக்கூடத்துல பூட்டுத் தொங்குச்சுன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. மாறி மாறிப் போங்க" என்றார். மாற்று ஆசிரியர் அனுப்ப அவரிடம் ஆள் இல்லை. பக்கத்துப் பள்ளியில் இருந்ததே ஒருவர்தான்.

அப்படித்தான் எங்கள் மாறுகை வழக்கம் உண்டாயிற்று. அதற்கப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர் ஆசிரியர் பயிற்சிகளுக்குப் போனாலும் இதே வழக்கம்தான். ஒருவர் வகுப்பு முடிந்து மேலே வருகிற பஸ்ஸே கடைசி நிறுத்தத்தில் திரும்பி நின்று, மற்றவரைக் கீழே கொண்டுபோகும். நடுவில் டிரைவர் டீ குடிக்கிற நேரம்தான் எங்களுக்கு. இறங்குகிறவர் ஏறுகிறவரிடம் சேலத்துச் சேதியைச் சொல்ல வேண்டும். ஏறுகிறவர் இறங்குகிறவரிடம் பள்ளிச் சாவியைக் கொடுத்து, யாருக்குச் சொறி, யார் ஒரு வாரமாக வரவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். யாருக்கும் எதுவும் விட்டுப்போனதில்லை.

இரண்டாவது வருடமும் அதே போலத்தான் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன டீச்சர் ஜெபக்கூட்டத்தை முடித்துக்கொண்டு வர, இருவரும் சேர்ந்தே மலையிறங்கி காளப்பநாயக்கன்பட்டிக்குப் போனோம். அண்ணன் மரவள்ளிக் காட்டில் தண்ணீர் கட்டிவிட்டு, காலில் சேற்றோடு வந்து கடையைத் திறந்தார். அவருக்கு விவசாயம்தான் தொழில். கம்ப்யூட்டர் ஆசைக்கு வைத்தது. இருந்த இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று எப்போதும் தூங்கும். சின்ன டீச்சர் தன் தேதியை வாய்விட்டுப் படிக்கக் கூடாதென்று சீட்டில் எழுதிக் கொடுக்க, அவர் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு யாருக்கோ லேமினேசன் போடப் போய்விட்டார். நாங்களே அம்பை நகர்த்தி, முக்கி முனகி, எனக்கு முதல் வாரம், அவருக்கு இரண்டாம் வாரம் என்று அமுக்கினோம். எந்த அறை, எந்தப் பாடம் என்ற விவரமெல்லாம் பிறகுதான் வரும் என்று போட்டிருந்தது.

"வந்தா பிரிண்ட் எடுத்து பஸ்ஸுல குடுத்து விடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தோம். மலைக்கு வருகிற எல்லாமே அப்படித்தான் வரும். மாத்திரை, பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, அடுப்புக்கு வாஷர் எல்லாவற்றையும் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால் உரிய ஆளிடம் சேர்ந்துவிடும்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பஸ் வந்தது. கண்டக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, "டீச்சர், பிரவுசிங் அண்ணன் ஒரு சேதி சொல்லச் சொன்னாருங்க. ரெண்டு பேத்துக்கும் ஒண்ணாப் போட்டுட்டாராம். கவலையில்லாமப் போயிட்டு வருவீங்களாம்" என்றார்.

என்ன ஒன்றாகப் போட்டார் என்று அப்போது புரியவில்லை. பள்ளிக்கு நடக்கும்போதே உறையைப் பிரித்தோம். என் தாள், முதல் வாரம். அவர் தாள், அதுவும் முதல் வாரம். அதே தேதிகள், அதே அறை, அதே பாடம். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எங்கள் பெயர்கள் மட்டும்தான் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை.

"இது எப்படி டீச்சர் மாறிச்சு?" என்றார் சின்ன டீச்சர்.

"எப்படி மாறிச்சா? அந்த மனுசன் மாத்தியிருக்காரு" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அன்று தலையே சூடாகிவிட்டது. அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில், ஒரு மாணவர் ஒரு முறைதான் வாரத்தை மாற்றலாம், வெள்ளிக்கிழமையோடு மாற்றம் முடிகிறது என்று போட்டிருந்தது. அன்று திங்கள். சின்ன டீச்சருக்கு உரிய அந்த ஒரு மாற்றத்தை அவர் கேட்காமலே அண்ணன் செலவழித்துவிட்டிருந்தார்.

பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு மதியப் பஸ்ஸில் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு ஒரு வசவு என்று யோசித்துக்கொண்டே போனேன். கொல்லிமலையில் வளைவுக்குப் பஞ்சமில்லை. அடிவாரத்துக் காரவள்ளி வந்து சேர்வதற்குள் நல்ல சரக்காகச் சேர்ந்திருந்தது.

கடையில் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க டீச்சர். சேதி வந்துச்சுங்களா? இப்ப சந்தோசந்தானுங்க?"

அந்த முகத்தைப் பார்த்தால் சேர்த்து வைத்த வசவில் ஒன்றுகூட உதவாது போலிருந்தது. "எதுக்குண்ணா மாத்தினீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க தப்பா அமுக்கிப்போட்டீங்களாட்டம் இருக்குதுங்க டீச்சர். ஒருத்தருக்கு இந்த வாரம், ஒருத்தருக்கு அந்த வாரம்னு இருந்துச்சு. எங்கூட்டம்மாகிட்டச் சொன்னேன். 'பொம்பளைங்க ரெண்டு பேரு, தெரியாத ஊரு, ஒண்ணாப் போனாத்தானே ஒரே ரூம்புல தங்கிக்குவாங்க? பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கறீங்களே'ன்னு என்னையத்தான் பேசுனாங்க. செரின்னு மாத்தி உட்டேனுங்க."

"நாங்க தப்பா அமுக்கலண்ணா. யோசிச்சுத்தான் அமுக்கினோம். ரெண்டு பேரும் போயிட்டா பள்ளிக்கூடத்தை ஆரு பாக்கறது?"

"மத்த டீச்சருங்க இல்லீங்களா?"

"மத்த டீச்சரே நாங்கதாண்ணா!"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மகன் படித்த அடிவாரப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு வாத்தியார். ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர் என்று ஒரு பள்ளி இருக்கும் என்பது அவர் மனதில் பட்டதே இல்லை. பெண்கள் ஊருக்குப் போனால் துணையோடு போக வேண்டும் என்பது அவர் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தைப் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டருக்குள்ளும் கொண்டுபோய் வைத்துவிட்டார். அக்கறையால் வந்த வினை. வேண்டுமென்று செய்திருந்தால் நன்றாகத் திட்டியிருக்கலாம்.

பக்கம் திறக்க நேரமானது; இந்த முறை அண்ணன் தேதிகளை வாய்விட்டுப் படிக்கவில்லை. அந்தக் காலத்து இணையம் கோபத்தை ஆற்றுவதற்கென்றே மெதுவாக வரும். சின்ன டீச்சரின் கணக்கில் மாற்றும் பொத்தான் மங்கிக் கிடந்தது, அமுக்கினாலும் அசையவில்லை. என் கணக்கில் பொத்தான் உயிரோடு இருந்தது. ஆனால் அதை அமுக்கினால், இரண்டாம் வாரம் இடங்கள் நிரம்பிவிட்டன என்று சிவப்பில் வந்தது. சின்ன டீச்சர் விட்டுப்போன இடத்தை இதற்குள் யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே கடையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன். நெடுநேரம் மணியடித்து ஒருவர் எடுத்தார். முழுக் கதையையும் சொன்னேன்.

"ஆன்லைன்ல பாத்துக்குங்கம்மா" என்றார்.

"அதைப் பாத்துட்டுத்தான் சார் பேசறேன்."

"அப்ப அதுல என்ன இருக்கோ அதுதாம்மா."

வைத்துவிட்டார். அண்ணன் பொத்தானை இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "தண்ணி மொறை மாதிரிதானுங்க டீச்சர் இது. ஆராச்சும் ஒருத்தரு வேண்டாம்னு போனா நமக்கு மடை திறக்கும். நான் பாத்துக்கிட்டே இருக்கறேனுங்க" என்றார்.

"பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். நம்பிக்கை துளியும் இல்லை. நீங்கள் பார்த்த வரைக்கும் போதும் என்றுகூட நாக்கு நுனியில் வந்தது.

மேலே வந்து நடந்ததைச் சொன்னதும் சின்ன டீச்சர் யோசிக்கவேயில்லை. "அப்ப நீங்க போங்க டீச்சர். நான் நிக்கேன். முதல் வாரம் உங்க வாரம்தான?"

"எனக்கென்ன அவசரம்? எனக்கு ஒரு வருசம் போனா, மாப்பிள்ளை பாக்கறவங்ககிட்ட இன்னும் ஒரு வருசம் சாக்குச் சொல்லலாம். லாபந்தான்."

"சும்மா சொல்லுதீங்க."

சும்மாதான் சொன்னேன். மனதுக்குள் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் உளவியலும் கற்பித்தல் முறையும் உருப்போட்டது நானும்தானே? ஆனால் என் ஆத்திரத்தை ஒரு வருடம் ஒத்திப் போடலாம், அவருடையதை ஒத்திப் போட முடியாது. இந்த நியாயத்தை அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை. இரண்டு நாள் முழுக்க, சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும், யார் தியாகம் செய்வது என்று சண்டை போட்டோம். தியாகத்துக்கு இவ்வளவு அடிதடி நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு கட்டத்தில் அவர் சட்டியை நங்கென்று வைத்தார். நான் வாளியை நங்கென்று வைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் கடைக்காரர், "டீச்சர், போனுங்க!" என்று கத்தினார். சின்ன டீச்சர் ஓட, நானும் பின்னாலேயே போனேன். கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். கேட்க வேண்டுமென்று நிற்கவில்லை, ஆனால் கேட்டது. குழந்தையின் குரல் கீச்சென்று வெளியே வரைக்கும் வந்தது.

"டீச்சர், பரீட்சை எழுதினா வந்துருவன்னு அப்பா சொன்னாவ. எழுதிட்டியா?"

"எழுதப் போறேன் மக்களே" என்றார் சின்ன டீச்சர். அப்புறம் வேறு என்னென்னவோ பேசினார், கோழி, பள்ளிக்கூடம், புதுச் சட்டை. எழுத முடியாமல் போகலாம் என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னேன். "இங்க பாருங்க டீச்சர். நீங்க போகலைன்னா நானும் போகமாட்டேன். ரெண்டு பேரும் இங்கயே உக்காந்து மழையை வேடிக்கை பாப்போம். ரெண்டு பேருக்கும் வருசம் போகட்டும். எது வசதின்னு நீங்களே சொல்லுங்க."

அவர் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பிடிவாதக்காரி என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கே தெரியும். "சரி, போறேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை என்று சொன்னார். இருக்கலாம்.

ஆக, அவர் போவதும் நான் நிற்பதும் முடிவாகிவிட்டது. இருந்தாலும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ் திரும்பும்போதே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, இல்லை என்று கையை விரிப்பார். வியாழன் காலை விரித்தார், மாலை விரித்தார். வெள்ளிக்கிழமை காலையில் விரித்தபோது அவருக்கே சங்கடமாகிப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று பகல் முழுக்க நான் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். ஐந்தாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்ன குற்றத்துக்கு ஒரு வகுப்பே நின்றது.

வெள்ளி மாலைப் பஸ் வந்தது. கண்டக்டர் கையை விரிக்கவில்லை. இறங்கி வந்தார். சட்டைக்குள்ளிருந்து, மழை படாமல் வைத்திருந்த உறையை எடுத்து, "டீச்சர், மடை திறந்துருச்சுன்னு சொல்லச் சொன்னாருங்க" என்றார். அவருக்கு அந்தச் சேதியின் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். உள்ளே என் அட்டவணை இருந்தது. இரண்டாம் வாரம். தாளின் அடியில் பேனாவால், "தனித்தனியாகத்தான் போட்டிருக்கிறேன். பார்த்துப் போகவும்" என்று எழுதியிருந்தார். நான் நடுரோட்டில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்புறம் பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடினேன். என் உயரத்துக்கு ஓட்டம் பொருந்தாது, பிள்ளைகள் பார்த்து வெகுநாள் சிரித்தார்கள்.

மதியம் போல யாரோ ஒருவர் தன் இடத்தை விட்டுவிட்டிருக்கிறார். அண்ணன் அதைக் கண்ணிமைக்காமல் பிடித்திருக்கிறார். அவர் எப்படிப் பிடித்தார் என்பதைப் பின்னால் அவர் மனைவிதான் சொன்னார்: "நாலு நாளா அந்தப் பொட்டிக்கு முன்னாலயே உக்காந்துக்கிட்டு, வந்தவங்ககிட்ட எல்லாம் நெட்டு வேலை செய்யலைன்னு சொல்லிப் போட்டாருங்க டீச்சர். கெழங்குக் காட்டுக்கு நம்ம மொறைத் தண்ணியும் போச்சு." அண்ணன் வெட்கப்பட்டு எழுந்து ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்கப் போனார். அந்தத் திங்கட்கிழமை வளைவுக்கு ஒன்றாகச் சேர்த்த வசவுகளை நினைத்து நான் டீயைக் குனிந்தே குடித்தேன்.

சின்ன டீச்சர் முதல் வாரம் போனார். அவர் திரும்பிய அன்று நிறுத்தத்தில் டிரைவர் டீ குடிக்கப் போக, எங்கள் மாறுகை நடந்தது. நான் சாவியைக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்பில் இருவருக்குக் காய்ச்சல், ஒன்றாம் வகுப்புக்கு 'ழ' வரவில்லை என்றேன். அவர் எதிர்ப்பக்கமிருந்து பொழிந்தார்: "காலையில வாரவர் பேர் கூப்பிடும்போது தலையத் தூக்கவே மாட்டாரு, சத்தமாச் சொல்லணும். மத்தியானம் வாரவருக்குத் தூக்கம் வந்தா பிடிக்காது. கேன்டீன்ல இட்லி வேண்டாம். ஜன்னலோரம் மூணாவது பெஞ்சு, அதுல உக்காருங்க, காத்து வரும்." இதெல்லாம் எந்த அட்டவணையிலும் இல்லை.

நான் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். காற்று வந்தது. இட்லி சாப்பிடவில்லை. மத்தியானக்காரரின் வகுப்பில் கண்ணைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தேன். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடமிருந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது: அண்ணன் போட்டபடியே விட்டிருந்தால் இவர் இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மத்தியானக்காரரைப் பார்த்து இருவரும் சேர்ந்து சிரித்திருப்போம். ராத்திரி அறையில் வம்பு பேசியிருப்போம். அந்த மனிதர் எங்களுக்கு எதைக் கொடுக்க நினைத்தார் என்பது அந்த பெஞ்சில் எனக்குப் புரிந்தது.

பரீட்சை கோடை விடுமுறையில் வந்தது. அவர் தூத்துக்குடியில் எழுதினார், நான் சேலத்தில். இரண்டு வருடம் ஒரே படிப்பைப் படித்தும் ஒரு நாள்கூட ஒரே வகுப்பில் உட்காரவில்லை. இருவரும் தேறினோம். மதிப்பெண்ணையும் அண்ணன்தான் பார்த்துச் சொன்னார், எங்கள் பிறந்த தேதிகளைக் கடை முழுக்கக் கேட்கும்படி படித்துவிட்டு. அப்படித்தான் சின்ன டீச்சரின் வயதும் கடைசியில் எனக்குத் தெரியவந்தது. அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

அடுத்த வருடம் அவர் ஆசிரியர் தேர்வும் எழுதினார். தூத்துக்குடிப் பக்கமே ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. ஆணை வந்த அன்று ஊருக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நானும் வாங்கிக் கொடுத்தேன். இதற்குத்தானே அவ்வளவு சண்டை போட்டேன், மழையில் மலையிறங்கினேன், அந்த அண்ணனும் தன் காட்டைக் காயப் போட்டார். நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். ராத்திரி மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் கிளம்பிய காலையில் பிள்ளைகள் எல்லோரும் நிறுத்தம் வரை வந்தார்கள். பஸ் வந்து, வழக்கம்போல் திரும்பி நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போனார். கண்டக்டர் பழக்கத்தில் கதவோரம் ஒதுங்கி நின்றார், இறங்குகிற டீச்சருக்கு வழி விட. யாரும் இறங்கவில்லை. அவருக்கே அப்புறம்தான் உறைத்தது போல, சட்டென்று உள்ளே போய்விட்டார்.

நானும் சின்ன டீச்சரும் எப்போதும் அந்த இடத்தில் ஒரே நேரத்தில் பேசுவோம். அன்று ஒருவர் மாற்றி ஒருவர்தான் பேசினோம். அவர் கைப்பையைத் துழாவி, பள்ளிச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மூணாம் வகுப்புல அந்தப் பிள்ளைக்கு இன்னும் இருமல் இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார்.

"பாத்துக்கறேன். அங்க போய் அவகிட்ட முதல்ல உங்க பேர் டீச்சர் இல்லைன்னு சொல்லுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் ஏறினார். பஸ் வளைவில் மறைந்தது. எத்தனையோ முறை அந்த இடத்தில் அந்தச் சாவியை அவரிடமிருந்து வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொடுக்கிற தேதி அட்டவணையில் இருக்கும். இந்த முறை தேதி இல்லை. பள்ளிக்கு நடந்து, கதவைத் திறந்து, ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்தேன்.